அது சார்லியின் பாட்டும்தான்



இந்த நூலக மாடியில் மாதந்தோறும் நடக்கும் இசைக் கூட்டத்தில், அமெரிக்காவின் கன்ட்ரி இசையில் ஒருவரைப் பற்றிப் பேச வேண்டும் என்றார்கள். ஹாங்க் வில்லியம்ஸ் இருக்கிறார், ஜானி கேஷ் இருக்கிறார், லொரெட்டா லின் இருக்கிறார். நான் எடுத்துக்கொண்டது சார்லி பிரைட்டை. பில்போர்டு கன்ட்ரி பட்டியலில் 29 பாட்டுகளை முதல் இடத்தில் உட்கார வைத்தவர். எல்விஸ் பிரெஸ்லிக்குப் பிறகு ஆர்சிஏ நிறுவனத்துக்கு அவ்வளவு இசைத்தட்டு விற்றுக்கொடுத்தவர் இல்லை என்று பேசப்பட்டவர். அவர் ஒரு கறுப்பர்.

இத்தனை சாதித்த மனிதரை ஒரு கேள்வி வாழ்நாள் முழுவதும் விடாமல் துரத்தியது. "ஏனப்பா, நம் ஆட்கள் பாட்டு இருக்கும்போது நீ ஏன் வெள்ளைக்காரர் பாட்டைப் பாடுகிறாய்?" வெளியார் மட்டும் கேட்கவில்லை. கூடப்பிறந்த அக்காவே கேட்டார் என்று சார்லி பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அதற்கு அவர் நீளமாகப் பதில் சொன்னதில்லை. இது என் பாட்டும்தான் என்பார். அவ்வளவுதான். அந்தச் சின்னப் பதில் எவ்வளவு உண்மையானது என்பதைத்தான் நான் இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

கன்ட்ரி இசையின் அடையாளமாக நாம் காணும் பாஞ்சோ என்ற தந்திக் கருவி எங்கிருந்து வந்தது? ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகப் பிடித்துவரப்பட்ட மக்களின் கையோடு வந்தது. கன்ட்ரி இசையின் தலைமகன் என்று கொண்டாடப்படும் ஹாங்க் வில்லியம்ஸுக்குச் சிறுவயதில் கிட்டார் சொல்லிக்கொடுத்தவர் யார்? அலபாமாவின் தெருக்களில் பாடிப் பிழைத்த ரூஃபஸ் பேன் என்ற கறுப்புக் கலைஞர். வயலிலும் ரயில்பாதையிலும் சந்தையிலும் இரண்டு இனத்து ஏழைகளும் ஒருவர் பாட்டை ஒருவர் கேட்டுத்தான் அந்த இசை உருவானது. 1920களில் இசைத்தட்டு நிறுவனங்கள் வந்தன. விற்பனை வசதிக்காக நடுவில் ஒரு கோடு கிழித்தன. கறுப்பர் வாங்குவதற்கு ஒரு வரிசை, தென்மாநிலத்து வெள்ளையர் வாங்குவதற்கு இன்னொரு வரிசை. கடையில் போட்ட கோடு காலப்போக்கில் மண்ணிலேயே இருந்த கோடு போலாகிவிட்டது. ஒரே தெருவில் ஒரே மெட்டைப் பாடியவர்கள் இரண்டு வேறு இசைக்காரர்கள் ஆகிவிட்டார்கள்.

அந்தக் கோடு நன்றாகக் காய்ந்து இறுகிவிட்ட காலத்தில், 1934 மார்ச் 18 அன்று, மிசிசிப்பி மாநிலத்தின் ஸ்லெட்ஜ் என்ற சிற்றூரில் சார்லி பிறந்தார். பதினொரு பிள்ளைகளில் நான்காமவர். அப்பா மேக் பிரைட் அடுத்தவர் நிலத்தை வாரத்துக்கு எடுத்துப் பயிர் செய்தவர். பருத்தி விளையும் பூமி. விளைச்சலில் நிலக்காரர் பங்கும் கடனும் போக மிஞ்சுவதுதான் குடும்பத்துக்கு. பிள்ளைகள் எல்லோரும் பருத்தி எடுக்கப் போனார்கள். சார்லியும் போனார், அந்த வேலையை அடியோடு வெறுத்தார்.

புளூஸ் இசையின் தாய்மண் அது. அங்கே பிறந்த கறுப்புப் பையன் புளூஸ் பாடுவான் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் அந்த வீட்டில் ஒரு பில்கோ ரேடியோ இருந்தது. சனிக்கிழமை இரவானால் அப்பா நாஷ்வில் நகரத்து டபிள்யூஎஸ்எம் நிலையத்தைத் திருப்புவார். 'கிராண்ட் ஓல் ஆப்ரி' நிகழ்ச்சி வரும். ராய் அகஃப், எர்னஸ்ட் டப், ஹாங்க் வில்லியம்ஸ். பையன் அவர்களைக் கேட்டான், அவர்களைப் போலப் பாடிப் பார்த்தான். பதினான்கு வயதில் சியர்ஸ் கடையின் கிட்டார் ஒன்றைப் பத்து டாலருக்கு வாங்கி, ரேடியோவில் கேட்டதைக் காதால் பிடித்து வாசிக்கக் கற்றுக்கொண்டான். நண்பர்களே, அப்பா வைத்த ரேடியோவில், சொந்த வீட்டில், வாரந்தோறும் கேட்டு வளர்ந்த பாட்டு ஒரு பிள்ளைக்கு எப்படி அந்நியர் பாட்டாகும்?

ஆனால் பாடகராக வேண்டும் என்பது அவருடைய முதல் கனவு இல்லை. 1947இல் ஜாக்கி ராபின்சன் என்ற கறுப்பு வீரர் அமெரிக்காவின் பெரிய பேஸ்பால் அணிகளின் கதவைத் திறந்தார். சார்லிக்கு அப்போது பதின்மூன்று வயது. பருத்திக்காட்டை விட்டுப் போக இதுதான் வழி என்று முடிவு கட்டினார். பந்து எறிவதில் கெட்டிக்காரர். மெம்பிஸ் ரெட் சாக்ஸ் உள்ளிட்ட கறுப்பர் அணிகளில் ஆடினார். அவர் ஆடிய ஓர் அணி அவரையும் இன்னொரு ஆட்டக்காரரையும் வேறோர் அணிக்குக் கொடுத்துவிட்டு, பதிலுக்கு ஒரு பழைய பேருந்தை வாங்கிக்கொண்டது. சார்லி இதைப் பின்னாளில் சிரித்துக்கொண்டே சொல்வார். எனக்குச் சிரிப்பு வருவதில்லை. அந்த அணிகள் எவ்வளவு வறுமையில் ஓடின என்பதும், ஒரு மனிதனுக்கு என்ன விலை போட்டார்கள் என்பதும் அதில் இருக்கிறது.

ராணுவச் சேவை, ரோசீனுடன் திருமணம், பிறகு 1960இல் மான்டானா மாநிலம். மலையும் பனியும் நிறைந்த வடக்கு. கிழக்கு ஹெலினா ஊரில் ஈயம் உருக்கும் ஆலையில் வேலை. உலைக்கு அருகில் நின்று செய்யும் ஆபத்தான வேலை. ஆலைக்கு ஒரு பேஸ்பால் அணியும் இருந்தது. சார்லி ஆட்டத்தில் மட்டும் இல்லை, பாட்டிலும் கூட்டம் சேர்ப்பவர் என்பதைக் கண்டுகொண்டவர்கள், ஆட்டம் தொடங்குமுன் மைதானத்தில் கொஞ்ச நேரம் பாடினால் பத்து டாலர் கூடுதலாகத் தருகிறோம் என்றார்கள். பகலில் உலை, மாலையில் ஆட்டம், இரவில் மதுக்கூடங்களில் பாட்டு. அந்த வழியாக வந்த ரெட் ஃபோலி, ரெட் சோவைன் என்ற இரண்டு நாஷ்வில் பாடகர்கள் கேட்டுவிட்டு, நீ நாஷ்வில் வந்தே ஆகவேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவரோ பேஸ்பாலை விடவில்லை. நியூயார்க் மெட்ஸ் அணியின் பயிற்சி முகாமுக்குப் போய் நின்றார். அவர்கள் சேர்த்துக்கொள்ளவில்லை. திரும்பும் வழியில்தான் நாஷ்வில் இறங்கினார்.

ஜாக் கிளெமென்ட் என்ற தயாரிப்பாளர் அவர் பாட்டைப் பதிவு செய்தார். ஆர்சிஏ நிறுவனத்தின் நாஷ்வில் பொறுப்பில் இருந்தவர் செட் அட்கின்ஸ், தானே பெரிய கிட்டார் மேதை. அவர் அந்தப் பதிவை எடுத்துக்கொண்டு கலிபோர்னியாவில் நடந்த நிறுவன அதிகாரிகள் கூட்டத்துக்குப் போனார். பாட்டைப் போட்டுக் காட்டினார். எல்லோருக்கும் பிடித்தது. பிடித்துவிட்டது என்று அவர்கள் வாயால் சொன்ன பிறகுதான், பாடியவர் கறுப்பர் என்றார். சொன்ன வார்த்தையை இனி எப்படித் திரும்பப் பெறுவது? ஒப்பந்தம் கையெழுத்தானது. அட்கின்ஸுக்கு நான் தலைவணங்குகிறேன். முதலில் காது தீர்ப்புச் சொல்லட்டும் என்று அவர் செய்த ஏற்பாடு அது.

1966 தொடக்கத்தில் முதல் இசைத்தட்டு வெளிவந்தது. வானொலி நிலையங்களுக்குப் போகும் தட்டுகளோடு பாடகரின் புகைப்படம் போவது வழக்கம். இந்தத் தட்டோடு படம் போகவில்லை. 'கன்ட்ரி சார்லி பிரைட்' என்ற பெயர் மட்டும் போனது. அறிவிப்பாளர்கள் போட்டார்கள், மக்கள் கேட்டார்கள். தென்மாநில வீடுகளின் கூடத்தில், சார்லி நேரில் வந்து நின்றால் முன்வாசலில் ஏற்றியிருக்க மாட்டார்களோ என்னவோ, அந்த வீடுகளிலும் அவர் குரல் போய் உட்கார்ந்துகொண்டது. மூன்றாவது தட்டு முதல் பத்து இடத்துக்குள் வந்தது.

குரலை ஒளித்து அனுப்பலாம், ஆளை எத்தனை நாள் ஒளிப்பது? டெட்ராய்ட் நகரின் ஒலிம்பியா அரங்கம். ஏறத்தாழ பத்தாயிரம் பேர். அவர் முகம் தெரிந்தவர்கள் அந்தக் கூட்டத்தில் அதிகம் இல்லை. ஆர்சிஏ பாடகர் சார்லி பிரைட் வருகிறார் என்று அறிவித்ததும் கைதட்டல் எழுந்தது. அவர் வெளிச்சத்துக்கு வந்தார். கைதட்டல் குறைந்தது, குறைந்து அடங்கியே போனது. அப்போது அவர் ஒலிபெருக்கியின் முன் நின்று, இப்படி வெயிலில் காய்ந்து நிலைத்துப்போன நிறத்தோடு ஒருவன் வந்து கன்ட்ரி பாடுவது உங்களுக்குக் கொஞ்சம் புதிதாகத்தான் இருக்கும் என்ற பொருளில் பேசினார். கூட்டம் சிரித்தது, இறுக்கம் தளர்ந்தது, மறுபடி கைதட்டியது. அவர் பாடினார்.

இந்தச் சம்பவத்தை அவருடைய சாதுரியத்துக்கு உதாரணமாகச் சொல்வார்கள். சாதுரியம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். அன்று மேடை ஏறிய மற்ற எந்தப் பாடகருக்கும் முதல் பாட்டுக்கு முன்னால் தன் தோலுக்குச் சமாதானம் சொல்லும் வேலை இல்லை. சார்லிக்கு இருந்தது. ஒரு நாள் மட்டும் இல்லை, அந்த முதல் ஆண்டுகளில் மேடைக்கு மேடை இருந்தது. கறுப்பர்களின் சிவில் உரிமைப் போராட்டம் தெருவில் நடந்துகொண்டிருந்த காலத்தில் அவர் வெளிப்படையாகப் பேசவில்லை என்று குறை சொல்பவர்கள் உண்டு. அந்தக் குறையில் ஓரளவு நியாயம் இருக்கலாம். ஆனால் தன்னை எதிர்பாராத பத்தாயிரம் பேர் முன்னால் தனியாகப் போய் நிற்பவனைக் கோழை என்று சொல்ல என் நாக்கு எழாது.

அவரோடு நின்றவர்களையும் சொல்லவேண்டும். கன்ட்ரி பாடகர் வில்லி நெல்சன் டெக்சாஸ் மேடையில் எல்லோரும் பார்க்க அவரை முத்தமிட்டு வரவேற்றார். ஒரு விருது விழாவில், சார்லி ஜெயித்தால் அவரைத் தொடாமல் விலகி நில்லுங்கள் என்று லொரெட்டா லின்னிடம் சொல்லியிருக்கிறார்கள். அந்த அம்மா கட்டி அணைத்து முத்தமிட்டே விருதைக் கொடுத்தார்.

அதன் பிறகு வந்த வெற்றிகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1969இல் முதல் முதலிடம். 1971இல் பென் பீட்டர்ஸ் எழுதிய 'கிஸ் அன் ஏஞ்சல் குட் மார்னிங்', அவர் பெயரோடு ஒட்டிக்கொண்ட பாட்டு. அதே ஆண்டு கன்ட்ரி இசைச் சங்கத்தின் ஆண்டின் சிறந்த கலைஞர் விருது, அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் சிறந்த ஆண்பாடகர் விருது. 2000இல் கன்ட்ரி இசைப் புகழ் மண்டபத்தில் இடம். இவ்வளவுக்கும் நடுவில் மனச்சோர்வும் மனவெழுச்சியும் மாறி மாறி வரும் நோயோடு அவர் போராடினார். 1994இல் வந்த தன்வரலாற்று நூலில் அதை மறைக்காமல் எழுதினார். புகழ் பெற்ற ஆண்கள் மனநோயைப் பற்றி வாய்திறக்கத் தயங்கிய காலம் அது. விருதுகளைவிட அந்தத் துணிவை நான் பெரிதாக நினைக்கிறேன்.

பெல்ஃபாஸ்டைச் சொல்லாமல் போக முடியாது. வட அயர்லாந்தில் கத்தோலிக்கருக்கும் புராட்டஸ்டன்டுகளுக்கும் இடையே ரத்தம் ஓடிய காலம். 1975 ஜூலையில் நிகழ்ச்சி முடித்துத் திரும்பிய மயாமி ஷோபேண்ட் குழுவினரை வழிமறித்து மூன்று கலைஞர்களைக் கொன்றார்கள். வெளிநாட்டுப் பாடகர்கள் பெரும்பாலும் அந்தப் பக்கமே போகவில்லை. ஜிம் ஏக்கன் என்ற நிகழ்ச்சி அமைப்பாளர் அமெரிக்காவுக்கே போய்ச் சார்லியைச் சந்தித்துக் கேட்டார். சார்லி சம்மதித்தார். 1976 நவம்பரில் பெல்ஃபாஸ்டின் ரிட்ஸ் அரங்கில் பாடினார். இரு தரப்பு மக்களும் பக்கத்துப் பக்கத்து நாற்காலிகளில் உட்கார்ந்து கேட்டார்கள். அமெரிக்காவில் தனித்தட்டாகக்கூட வராத 'கிரிஸ்டல் ஷாண்டலியர்ஸ்' என்ற பாட்டை அந்த ஊர் மக்கள் இரு தரப்பும் சேர்ந்து பாடும் பாட்டாக ஆக்கிக்கொண்டார்கள். இனக் கோட்டைத் தாண்டி வந்த குரலுக்கு மதக் கோடு எம்மாத்திரம்?

நண்பர்களே, சார்லி 1967 ஜனவரியில் ஆப்ரி மேடை ஏறினார். சிறுவயதில் ரேடியோவில் கேட்ட அதே எர்னஸ்ட் டப் அவரை அறிமுகம் செய்தார். அப்பாவின் ரேடியோவுக்குள்ளேயே போய் நின்ற நாள் அது. ஆனால் அந்த மேடையின் முதல் கறுப்புக் கலைஞர் அவர் இல்லை. டிஃபோர்டு பெய்லி என்று ஒருவர் இருந்தார். மவுத் ஆர்கனில் ரயில் ஓடும் சத்தத்தை எழுப்புவார். 'கிராண்ட் ஓல் ஆப்ரி' என்ற பெயர் 1927இல் அறிவிப்பாளர் வாயில் பிறந்ததே பெய்லி வாசித்த இரவில்தான். வெள்ளைக் கலைஞர்களோடு ஊர் ஊராகப் போவார், அவர்கள் தங்கும் விடுதியில் அவருக்கு அறை கிடைக்காது. 1941இல் அவரை நிறுத்திவிட்டார்கள். பிறகு அதே நாஷ்வில் நகரில் காலணி துடைத்து மெருகிடும் கடை வைத்துப் பிழைத்தார். 1982இல் இறந்தார். புகழ் மண்டபத்தில் அவருக்கு இடம் கொடுத்தது 2005இல். சார்லிக்கு ஐந்து ஆண்டுகள் கழித்து.

சார்லி வந்துவிட்டார், இனிக் கதவு திறந்தே இருக்கும் என்று நினைத்தவர்கள் ஏமாந்தார்கள். 1983இல் சார்லியின் கடைசி முதலிடப் பாட்டு. அடுத்ததாகத் தனியாகப் பாடிக் கன்ட்ரியில் முதலிடம் பிடித்த கறுப்பர் டாரியஸ் ரக்கர், 2008இல். நடுவில் 25 ஆண்டுகள்! அத்தனை ஆண்டுகளில் கறுப்பர் யாருக்கும் அந்தப் பாட்டு வரவில்லை என்றா நம்பச் சொல்கிறார்கள்? ஒருவரை உள்ளே விட்டுவிட்டு, அந்த ஒருவரையே காட்டி, பாருங்கள் எங்களிடம் பாகுபாடு இல்லை என்று சொல்லிக்கொண்டார்கள். சார்லியை எவ்வளவு மதிக்கிறேனோ அவ்வளவு கோபம் எனக்கு இதில் வருகிறது. அவர் ஆற்றலை அவருக்கு அடுத்து வரவேண்டியவர்களை மறிக்கும் சாக்காகப் பயன்படுத்தினார்கள்.

2020 நவம்பர் 11 அன்று நாஷ்வில் நகரில் கன்ட்ரி இசைச் சங்கம் அவருக்கு வாழ்நாள் சாதனை விருது கொடுத்தது. விருதின் பெயர் வில்லி நெல்சன் விருது, அன்று முத்தமிட்ட அதே நண்பரின் பெயர். ஜிம்மி ஆலன் என்ற இளம் கறுப்புப் பாடகரோடு சேர்ந்து மேடையில் பாடினார். டிசம்பர் 12 அன்று டாலஸ் நகரில், கொரோனா தொற்றால் ஏற்பட்ட சிக்கல்களால் காலமானார். வயது 86.

நூலகத் தோழர்கள் இரண்டு பதிவுகளைத் தயாராக வைத்திருக்கிறார்கள். முதலில் பெய்லியின் 'பான் அமெரிக்கன் புளூஸ்'. அதை அடுத்து, நிறுத்தாமல், சார்லியின் 'கிஸ் அன் ஏஞ்சல்'. கேட்டு முடித்ததும் உங்கள் கருத்துகளைச் சொல்லுங்கள். குறிப்பாக, சார்லி இன்னும் வெளிப்படையாகப் பேசியிருக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் தயங்காமல் முதலில் பேச வாருங்கள்.