சைக்கிளும் அதன் எண்ணும்



தோட்டத்திலிருந்து தெங்கேராவுக்குச் சாமான் வாங்க வருகிறோம். ஐந்தடிப் பாதையில் சைக்கிளைச் சாய்த்து, முன்சக்கரத்தில் மட்டும் சங்கிலியைச் சுற்றித் தூணோடு பூட்டிவிட்டுக் கடைக்குள் போகிறோம். திரும்பி வந்தால் முன்சக்கரம் இருக்கும், மீதி போயிருக்கும்! இரண்டு நட்டுகளைக் கழற்ற எவ்வளவு நேரமாகும்? ஆகவே சங்கிலியைச் சட்டத்துக்குள்ளும் பின்சக்கரத்துக்குள்ளும் விட்டு, அசையாத கம்பத்தோடு சேர்த்துப் பூட்ட வேண்டும். பூட்டு தரையில் கிடக்கலாகாது. தரையில் வைத்துச் சுத்தியலால் அடித்தால் உடைந்துவிடும்.

லயத்து வாசலிலும் இரவில் பூட்டுவோம். எல்லாரும் தெரிந்தவர்கள்தானே என்கிறோம். இருட்டில் வருகிறவன் தெரிந்தவனாக இருக்க வேண்டியதில்லை.

பூட்டைவிட முக்கியம் எண். சைக்கிளைக் கவிழ்த்து, பெடல் அச்சு பொருந்தும் இடத்தின் அடியில் சேற்றைத் துடைத்தால் பெரும்பாலும் ஓர் எண் தெரியும். சிலவற்றில் இருக்கைக்குக் கீழேயுள்ள குழாயில் இருக்கும். பிள்ளைகளைக் கொண்டு அதை எழுதச் செய்து, ரசீதோடு பத்திரப்படுத்துவோம். முன்பு லைசென்சுத் தகடு இருந்தது. இன்று இந்த எண்தான் சாட்சி. காவல் நிலையத்தில் 'கறுப்புச் சைக்கிள்' என்று மட்டும் சொன்னால், ஊரில் எத்தனை கறுப்புச் சைக்கிள்!

மலிவென்று எண் ராவப்பட்ட சைக்கிளை வாங்கவும் கூடாது. திருட்டுப் பொருளென்று தெரிந்தே வாங்குவோருக்குத் தண்டனைச் சட்டம் 411ஆம் பிரிவின்படி 5 ஆண்டு வரை சிறை உண்டு.