விடைத்தாளின் ஓரத்தில் இரண்டு வரி



தம் பணிக்காலம் முழுவதையும் தொடக்கப்பள்ளியிலேயே கழித்த ஓர் ஆசிரியையின் நினைவாக அவருடைய பிள்ளைகள் நிறுவிய அறக்கட்டளையின் சொற்பொழிவு இது. அவர் நினைவைப் போற்றும் மேடையில், ஒரு குழந்தையின் நோட்டைத் திருத்தும்போது நாம் என்ன எழுதுகிறோம் என்பதைப் பேசுவதே பொருத்தம் என்று எண்ணினேன்.

எலிசபெத் ஹர்லாக் என்ற அமெரிக்க உளவியலாளர் 1925-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார். நான்காம், ஆறாம் வகுப்புக் குழந்தைகள் 106 பேர் சில நாட்கள் தொடர்ந்து கூட்டல் கணக்குகள் போட்டார்கள். ஒரு குழுவினரைப் பெயர் சொல்லி அழைத்துப் பாராட்டினார்கள். இன்னொரு குழுவினரைக் கண்டித்தார்கள். மூன்றாவது குழு அதே அறையில் உட்கார்ந்து இரண்டையும் கேட்டுக்கொண்டிருந்தது. அவர்களிடம் நல்லதாகவோ கெட்டதாகவோ யாரும் ஒரு சொல் பேசவில்லை. பாராட்டுப் பெற்றவர்கள் நாளுக்கு நாள் முன்னேறினார்கள். கண்டிக்கப்பட்டவர்கள் முதலில் சற்று ஏறிப் பிறகு சரிந்தார்கள். இதை எல்லாரும் மேற்கோள் காட்டுவார்கள். என்னை உறுத்துவது மூன்றாவது குழு. திட்டு வாங்கியவர்கள் அளவுக்குக்கூட அவர்கள் முன்னேறவில்லை.

நம் வகுப்புகளில் அந்த மூன்றாவது குழு எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். முதலில் கை தூக்குகிற பிள்ளைக்குக் கைதட்டல் கிடைக்கிறது. சேட்டை செய்கிற பிள்ளைக்கு அதட்டல் கிடைக்கிறது. நடுவரிசையில் சத்தமில்லாமல் எழுதி, சத்தமில்லாமல் தப்பு விட்டு, வீட்டுக்குப் போகிற பிள்ளைக்கு ஆண்டு முழுதும் என்ன கிடைக்கிறது? கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தடை செய்தது. 2010 ஏப்ரல் முதல் அது நடைமுறையில் இருக்கிறது. பிரம்பு வெளியேறியது பெரிய நன்மை. ஆனால் பிரம்பு இருந்த இடத்தில் பல வகுப்புகளில் மௌனம் வந்து உட்கார்ந்துகொண்டது என்பதே என் கவலை.

அப்படியானால் எல்லாருக்கும் ‘வெரிகுட்’ போட்டுவிடலாமா? அதுவும் உதவாது. குளுகர், டெனிசி என்ற ஆய்வாளர்கள் இருவர் 1996-ல் நூற்றுக்கணக்கான ஆய்வு முடிவுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். கருத்துரை கொடுத்தால் சராசரியாகத் திறன் கூடுகிறது. ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான முடிவுகளில் அது குறைந்திருந்தது. செய்கிற வேலையிலிருந்து விலகித் தன்னைப் பற்றியே ஒருவர் எண்ணத் தொடங்கும்போது கருத்துரையின் பயன் குறைகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம்.

1998-ல் உளவியலாளர்கள் கிளாடியா முல்லரும் கரோல் டுவெக்கும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கண்டதும் இதோடு சேர்கிறது. முதல் புதிர்களை முடித்ததும் சிலரிடம் ‘நீ கெட்டிக்காரன்’ என்றார்கள். சிலரிடம் ‘நன்றாக உழைத்திருக்கிறாய்’ என்றார்கள். அடுத்து வந்த கடினமான புதிர்களில் எல்லாருமே தடுமாறினார்கள். அதன் பிறகு மறுபடி எளிய புதிர்கள் கொடுத்தபோது, கெட்டிக்காரர் என்று சொல்லப்பட்டவர்கள் முதலில் செய்த அளவுக்கும் கீழே போனார்கள். வேறொரு பள்ளிக் குழந்தைக்குத் தங்கள் மதிப்பெண்ணை எழுதச் சொன்னபோது, அவர்களில் ஏறத்தாழ பத்தில் நான்கு பேர் கூட்டி எழுதினார்கள். பெற்ற பட்டத்தைக் காப்பாற்றப் பொய் சொல்ல வேண்டியிருந்தது, பாவம். உழைப்பைப் புகழ்வதும் வெறும் ஆறுதலாகிவிடக் கூடாது என்று டுவெக்கே பின்னாளில் எச்சரித்தார். விடை தவறாக இருக்கும்போது ‘பரவாயில்லை, முயன்றாய்’ என்று மட்டும் சொன்னால் அந்தக் குழந்தை அடுத்து எதைப் பிடித்து ஏறும்?

ஒரு கணக்கைப் பாருங்கள். 52-லிருந்து 27-ஐக் கழிக்கச் சொல்கிறோம். பிள்ளை 35 என்று எழுதியிருக்கிறது. சிவப்பு மையில் பெருக்கல் குறி போட ஒரு நொடி போதும். இன்னும் கொஞ்சம் நின்று பார்த்தால், அந்தப் பிள்ளை பத்துகளைப் பத்துகளுக்குக் கீழும் ஒன்றுகளை ஒன்றுகளுக்குக் கீழும் ஒழுங்காக எழுதியிருப்பது தெரியும். 2-லிருந்து 7 போகாது என்றதும், 7-லிருந்து 2-ஐக் கழித்துவிட்டது. இதில் சோம்பல் இல்லை. ஒரு யோசனை இருக்கிறது, தவறான யோசனை. ‘இட மதிப்பைச் சரியாக எழுதியிருக்கிறாய். 2-லிருந்து 7 போகாதபோது பக்கத்துப் பத்திடம் கடன் வாங்கிப் பார்’ என்று எழுதினால், எது கைவந்திருக்கிறது, அடுத்து எது என்பது இரண்டும் அதற்குத் தெரிந்துவிடும். நான் ஊக்கம் என்று சொல்வது இதைத்தான். மழைநாள் பற்றிய கட்டுரையில் ஒழுகுகிற இடத்திலெல்லாம் அம்மா பாத்திரம் வைத்ததை ஒரு சிறுமி எழுதியிருந்தால், லகர ழகரப் பிழைகளைச் சுழிப்பதற்கு முன் அந்த வரி நன்றாயிருக்கிறது என்று அவளிடம் சொல்லியாக வேண்டும். தன் வீட்டில் நடந்ததை எழுதலாம், அதை ஆசிரியர் மதிப்பார் என்று அவளுக்கு வேறு எப்படித் தெரியும்?

இன்னொன்று. இஸ்ரேலில் ரூத் பட்லர் என்ற ஆய்வாளர் 1988-ல் வெளியிட்ட ஆய்வில், கருத்துரை மட்டும் பெற்ற பிள்ளைகளின் ஆர்வமும் திறனும் உயர்ந்து நின்றன. கருத்துரையோடு மதிப்பெண்ணும் சேர்த்துக் கொடுத்தபோது அந்தப் பலன் காணாமல் போனது. தேர்வுத்தாள் கைக்கு வந்ததும் நம் பிள்ளைகள் எதை முதலில் பார்க்கிறார்கள் என்பதை அறிந்தவர்களுக்கு இது வியப்பாக இராது. தேர்வுக்கு மதிப்பெண் வேண்டும்தான். அன்றாட வகுப்பு நோட்டிலும் பத்துக்கு ஐந்து என்று போடுவதை மட்டுமாவது நிறுத்தலாம்.

நாற்பது பிள்ளைகள், ஒரே ஆசிரியர், இதில் பதிவேடுகள் வேறு, நேரம் எங்கே என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். எல்லா நோட்டுகளிலும் எல்லா நாளும் இப்படி எழுத யாராலும் முடியாது. நாளுக்கு ஐந்து நோட்டை மட்டும் முழுதாகப் படித்து இரண்டு வரி எழுதுங்கள். மற்றவற்றுக்கு டிக் போதும். எட்டுப் பள்ளி நாட்களில் நாற்பது பேருக்கும் ஒரு முறை வந்துவிடும். அந்த ஐந்தை வருகைப் பதிவேட்டின் வரிசைப்படி எடுங்கள். நம் விருப்பப்படி எடுத்தால் கை மறுபடியும் முதல் பெஞ்சின் நோட்டுகளுக்கே போகும். தலைமையாசிரியர்கள் நோட்டுகளைப் பார்வையிடும்போது எத்தனை கையெழுத்து இருக்கிறது என்று எண்ணுவதை விட்டு, இந்த இரண்டு வரிகளைப் படித்துப் பார்க்கட்டும்.