கண்ணுக்குத் தெரியாத பட்டணம்

(காக்கநாட்டில் நடந்த அங்கத்தினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



அமெரிக்காவில் பிள்ளைகளிடம் போய்வரும் நம் அங்கத்தினர் சிலர், அப்படியே மெக்சிகோவுக்கும் சென்று மாயா நாகரிகத்தின் இடிபாடுகளைப் பார்த்து வருகிறார்கள். சிச்சென் இட்சா பிரமிடுக்கு நான்கு பக்கமும் 91 படிகள்; உச்சிப் படியையும் சேர்த்தால் 365. ஒரு வருஷத்தையே கல்லில் கட்டி வைத்திருக்கிறார்கள். அவசியம் பார்க்க வேண்டியதுதான். ஆனால், காக்கநாட்டிலிருந்து சுமார் ஒரு மணி நேரத்தில் போய்விடக்கூடிய புராதன நகரம் ஒன்றும் இருக்கிறது. அதை நம்மில் எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்?

இடப்பள்ளி, வராப்புழை, வட பறவூர் தாண்டினால் பட்டணம் என்ற கிராமம் வரும். நான் போனபோது கண்ணில் பட்டவை தென்னை மரங்களும் வீடுகளும்தான். கோபுரமில்லை, தூணில்லை. தோண்டிய குழிகளையும் ஆராய்ச்சி முடிந்ததும் மூடிவிடுவது வழக்கம். ஆகவே, படித்துவிட்டுப் போகிறவருக்கு மட்டுமே அங்கே ஏதாவது தெரியும்.

2004-ல் வி. செல்வகுமார், கே.பி. ஷாஜன் ஆகியோர் அங்கே முதலில் சோதனைக் குழி தோண்டினார்கள். 2007 முதல் கேரள வரலாற்று ஆராய்ச்சிக் கவுன்சில், பி.ஜே. செரியன் தலைமையில் விரிவாக அகழாய்வு செய்தது. ஒயினும் எண்ணெயும் வந்த ரோமானிய ஆம்போரா ஜாடிகளின் துண்டுகள், மேற்காசிய மட்பாண்டங்கள், கண்ணாடி மணிகள், செங்கல்லால் கட்டிய படகுத்துறை, தோணிகளைக் கட்டும் தேக்குக் கட்டைகள் எல்லாம் கிடைத்தன. ஒரே மரத்தைக் குடைந்து செய்த, சுமார் 6 மீட்டர் நீளமுள்ள ஆஞ்சிலி மரத் தோணி ஒன்றும் சேற்றுக்குள்ளிருந்து வெளிவந்தது. மரத்திலுள்ள கதிரியக்கக் கரிமம் ஒரே சீராகக் குறைந்துகொண்டு வருவதால், அதை அளந்து வயதைக் கணிக்கலாம். அப்படிக் கணித்ததில், அந்த இடம் சுமார் இரண்டாயிரம் ஆண்டுப் பழமையானது என்று தெரிந்தது.

இனி நம் தமிழுக்கு வருவோம். யவனர் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பியதை அகநானூறு சொல்கிறது. கப்பலில் வந்த பொன்னைக் கழித்தோணிகள் கரை சேர்த்ததாகப் புறநானூற்றில் பரணர் சொல்கிறார். பெரிய கப்பல் காயலுக்குள் வர முடியாது. சிறு தோணிதான் வரும். புலவர் சொன்ன அந்த ரகத் தோணி ஒன்றைத்தான் மண் நமக்குத் திருப்பித் தந்திருக்கிறது. வியன்னாவில் உள்ள இரண்டாம் நூற்றாண்டு கிரேக்கப் பத்திரம் ஒன்றும், முசிறி வியாபாரத்துக்கான கடனையும், ஹெர்மாபோலோன் என்ற கப்பலில் போன ஜடாமாஞ்சியையும் தந்தத்தையும் குறிப்பிடுகிறது.

பட்டணம்தான் முசிறியா என்பதில் அறிஞர்களிடையே அபிப்பிராய பேதம் உண்டு. ஆனால், மேல்நாட்டு வியாபாரம் நடந்த துறை அது என்பதில் சந்தேகமில்லை. 1341-ல் வந்த பெரியாற்று வெள்ளம் கொடுங்கல்லூர் முகத்துவாரத்தைத் தூர்த்து, கொச்சியைத் திறந்துவிட்டது என்பார்கள். அப்படிப் பார்த்தால், மட்டாஞ்சேரியின் மிளகுக் கிடங்குகள் முசிறியின் வாரிசுகள்.

குவாத்தமாலா காட்டுக்குள் மறைந்திருந்த 60,000-க்கும் மேற்பட்ட மாயா கட்டுமானங்களை, விமானத்திலிருந்து லேசர் செலுத்திக் கண்டுபிடித்ததாக 2018-ல் அறிவித்தார்கள். அங்கே காடு நகரத்தைக் காத்தது. பட்டணத்தில் அப்படிக் காவல் இல்லை. சுமார் 45 ஹெக்டேர் மேட்டில் தோண்டியது மிகச் சிறு பகுதி. மற்றதன்மேல் ஜனங்கள் குடியிருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. அது அவர்கள் வீடு, நிலம். ஆனாலும் ஒவ்வொரு புது அஸ்திவாரத்துக்கும் சரித்திரத்தில் ஒரு பக்கம் போகிறது.

புதையல் கிடைத்தால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878-லேயே சட்டம் வந்துவிட்டது. உடைந்த ஓட்டைப் புதையல் என்று யாரும் நினைப்பதில்லை. ஆனால் பட்டணத்தின் கதையைச் சொன்னது பெரும்பாலும் ஓடுகள்தான். பல ஊர்களில் இருக்கும் நம் அங்கத்தினர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான்: சொந்த ஊரில் கிணறோ அஸ்திவாரமோ தோண்டும்போது பழைய ஓடு, மணி, உறைகிணறு தென்பட்டால், கிடந்த இடத்திலேயே படம் எடுத்துத் தொல்லியல் துறைக்குச் சொல்லுங்கள். எடுத்து அலமாரியில் வைத்தால் அது வெறும் ஓடு. கிடந்த இடத்தோடு சேர்த்துப் பார்த்தால்தான் அது சாட்சி.

அடுத்த முறை கொடுங்கல்லூர் பகவதியைத் தரிசிக்கப் போகும்போது, வழியில் பட்டணத்தில் கொஞ்சம் இறங்கிப் பேரப்பிள்ளைகளுக்குக் காலடியைக் காட்டுங்கள்.