அறிதுயில்

நுவரெலியாத் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வீட்டில் இருந்தவை மூன்றே புத்தகங்கள். பஞ்சாங்கம், தேவாரத் திரட்டு, அப்புறம் அட்டை கழன்ற ஒரு தடித்த புத்தகம். அதுதான் மறைமலையடிகளின் ‘மக்கள் நூறாண்டு உயிர்வாழ்க்கை’. கொழுந்து அரைக்கும் ஸ்டோரில் வேலை முடிந்து வந்த அப்பா, குப்பி விளக்கு வெளிச்சத்தில் அதை உரக்க வாசிப்பார்.

தனித்தமிழ் இயக்கத்தை 1916இல் தொடங்கியவர் என்றுதான் அடிகளைப் பாடசாலையில் படித்தோம். நாகப்பட்டினத்தில் 1876இல் பிறந்த வேதாசலம் அவர். சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் தமிழ் கற்பித்தவர். 1911இல் அந்த வேலையை விட்டுப் பல்லாவரத்தில் குடியேறிக் காவி உடுத்தினார். மனைவி மக்களைப் பிரியாத துறவி. அந்த வீட்டிலிருந்துதான் உணவு, உறக்கம், மனவசியம், சாவுக்குப் பிந்திய நிலை என்று புத்தகம் புத்தகமாக எழுதினார். தமிழறிஞருக்கு இதெல்லாம் எதற்கு என்று பலர் இந்நூல்களை ஒதுக்கிவிட்டார்கள். அது பெரிய இழப்பு என்பேன்.

தலைப்புகளை மட்டும் கவனியுங்கள். 1911இல் ‘மரணத்தின்பின் மனிதர் நிலை’. வடசொல் அங்கே தயங்காமல் நிற்கிறது. 1922இல் ‘யோகநித்திரை அல்லது அறிதுயில்’. பழகிய சொல்லையும் புதிய சொல்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வாசகரின் கையைப் பிடித்து அழைத்துப் போகிறார். 1935இல் ‘தொலைவிலுணர்தல்’. டெலிபதிக்கு அவர் தந்த பெயர் அது. ‘அல்லது’ போய்விட்டது. ஒரு மொழி எப்படிப் படிப்படியாகத் தன் காலில் நிற்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் கண்டதில்லை.

அறிதுயில் என்பது அவர் புதிதாகச் செய்த சொல்லும் அல்ல. பாற்கடலில் எல்லாம் அறிந்தபடியே திருமால் கொள்ளும் துயிலுக்குப் பழந்தமிழ் வைத்த பெயர். ஹிப்னாடிசம் என்று மேல்நாட்டிலிருந்து வந்ததற்கு அதை எடுத்துச் சூட்டினார். சைவப் பற்று மிக்கவர், பொருத்தமான சொல்லைத் திருமாலிடமிருந்து தயங்காமல் வாங்கிக்கொண்டார்! மனம் மனத்தோடு தொலைவிலிருந்தே பேசும் என்பதை அறிவியல் ஏற்கவில்லை, நானும் ஏற்கவில்லை. ஆனால் தொலைவிலுணர்தல் என்ற சொல் நிற்கிறது.

உடல்நலம் பற்றி அவர் சொன்னவற்றில்தான் எனக்கு மனத்தாங்கல் உண்டு. நல்ல காற்று, அளவான உணவு, போதிய உறக்கம். யாரும் மறுக்க முடியாது. ஆனால் விடியுமுன் வேலைக்குப் பெயர் கொடுக்கப் பிரட்டுக்களத்துக்கு ஓடி, பிள்ளையைத் தோட்டத்துக் காப்பகமான பிள்ளைக்காம்பராவில் விட்டுக் கொழுந்துக்கு ஏறுகிற பெண்ணுக்கு அந்த உறக்கம் எங்கே கிடைக்கும்? பல்லாவரத்து மேசையில் அந்தக் கேள்வி எழவில்லை.

அடிகள் 1950 செப்டம்பரில், 74 வயதில் காலமானார். சேர்த்து வைத்திருந்த ஆயிரக்கணக்கான நூல்கள் பிறகு சென்னையில் அவர் பெயரிலேயே நூலகமாயின.

அப்பா காற்றைப் பற்றி வாசித்த இரவு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. எங்கள் காம்பராவுக்கு ஜன்னல் கிடையாது. அம்மா எழுந்துபோய்க் கதவைத் திறந்து வைத்தார். நுவரெலியாப் பனி உள்ளே வந்தது. ஒரே கம்பளிக்குள் நாங்கள் நான்கு பேரும் ஒடுங்கிக்கொண்டோம். அப்பா வாசிப்பதை நிறுத்தவில்லை.