காற்றுக்குமா ரகசிய முத்திரை?



2005 ஆகஸ்டு மாதப் புகைமூட்டம் இந்தக் கிள்ளான் பண்டமாரானில் எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கிறது? சுமத்ராவில் காடு எரிந்தது, புகை நம் தலைக்கு மேல் வந்து உட்கார்ந்துகொண்டது. கொடியில் காய்ந்த பள்ளிச் சட்டையில் கரி வாடை. பிள்ளைகளுக்கு இளைப்பு. காற்று எவ்வளவு கெட்டிருக்கிறது என்று அளக்கக் கருவி இருந்தது. அரசாங்கத்தில் அளந்தார்கள், எழுதினார்கள், பூட்டி வைத்தார்கள். 1997 புகைமூட்டத்துக்குப் பிறகு அந்த எண் ரகசியமாகிவிட்டது. சுற்றுப்பயணிகள் பயந்து ஓடிவிடுவார்களாம்! சுற்றுப்பயணி விமானம் ஏறிவிடுவான். பண்டமாரான்காரன் எங்கே போவான்?

கடைசியில் எண்ணை வெளியிட்டார்கள். ஆகஸ்டு 11 அன்று கிள்ளான் துறைமுகத்திலும் கோலா சிலாங்கூரிலும் அவசரகாலம். காற்று மாசுக் குறியீடு 500ஐத் தாண்டியிருந்தது. 300க்கு மேல் போனாலே ஆபத்து என்பது அவர்களே போட்ட கணக்கு. பள்ளிகளை மூடினார்கள். எண்ணைச் சொன்னதால் நாடு கவிழ்ந்துவிடவில்லை.

பூட்டும் அதிகாரம் எங்கிருந்து வருகிறது? 1972ஆம் ஆண்டு அதிகாரத்துவ ரகசியச் சட்டம். ஒரு காகிதம் ரகசியம் என்று அமைச்சரோ மாநிலத்தின் மந்திரி புசாரோ சான்று கொடுத்துவிட்டால், அது சரிதானா என்று நீதிமன்றம்கூடக் கேட்க முடியாது. 1986 திருத்தத்துக்குப் பிறகு, அதை வெளியே சொன்னவருக்குக் குறைந்தது ஓராண்டு சிறை.

இந்தப் பூட்டுக்கு எதிர்த்திசையில், 2011 ஏப்ரலில் நம் சிலாங்கூர் சட்டமன்றம் தகவல் சுதந்திரச் சட்டம் நிறைவேற்றியது. மலேசியாவிலேயே முதல் மாநிலம், பெருமைதான். இந்தச் சட்டப்படி, உங்கள் வீட்டு வரிசையின் லோங்காங்கை, அதாவது சாக்கடையை, சுத்தம் செய்யும் குத்தகை யாருக்கு, எத்தனை ரிங்கிட்டுக்கு என்று கிள்ளான் மாநகர் மன்றத்தில் எழுதிக் கேட்கலாம். 30 நாளில் பதில் வர வேண்டும். எதற்காகக் கேட்கிறாய் என்று காரணம் எழுதச் சொல்கிறார்கள். சொந்த வீட்டுக் கணக்கைப் பார்க்க யாராவது காரணம் சொல்வார்களா? இருந்தாலும் எழுதுங்கள்.

ஆனால் ஒன்று. இந்தச் சட்டம் மாநில அரசின் அமைப்புகளையும் ஊராட்சி மன்றங்களையும்தான் கட்டும். காற்றை அளப்பது கூட்டரசின் சுற்றுச்சூழல் இலாகா. துறைமுகமும் போலீசும் கூட்டரசு. 2005இலேயே இந்தச் சட்டம் இருந்திருந்தாலும் அந்த எண்ணை நாம் கேட்டு வாங்கியிருக்க முடியாது! இன்று குறியீடு கைப்பேசியில் தெரிகிறது. அது அவர்கள் மனம் வைத்துத் தருவது. மனம் மாறினால்? ஆகவே அடுத்த முறை ஓட்டுக் கேட்டு வருபவரிடம் சாலை விளக்கைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால், கூட்டரசைக் கட்டும் தகவல் சட்டத்துக்கு நாடாளுமன்றத்தில் கை தூக்குவாரா என்று கேளுங்கள்.

பின்வரிசை மேசையில் தம்பிகள் தகவல் கேட்கும் விண்ணப்பப் பாரம் வைத்திருக்கிறார்கள். மலாயில் எழுதத் தயங்கும் பெரியவர்களுக்கு அவர்களே எழுதித் தருவார்கள். லோங்காங் நிரம்பி வாசலுக்குத் தண்ணீர் வருகிற வீட்டுக்காரர்கள் முதலில் போங்கள்.