பெயர் தெரிவதற்கு முன்பே



வீட்டில் ஒருவருக்கு இருமலோ காய்ச்சலோ வந்தால், "என்ன நோயாம்?" என்றுதான் முதலில் கேட்கிறோம். டாக்டர் பெயரைச் சொன்ன பிறகு மாஸ்க் போடுகிறோம், பிள்ளைகளைத் தள்ளி இருக்கச் சொல்கிறோம், கை கழுவுகிறோம். ஆனால் பல தொற்றுநோய்களில் பரவ வேண்டியது பெரும்பாலும் அதற்குள் பரவி முடிந்திருக்கும். இன்று நான் சொல்ல வந்தது இந்த ஒரு விஷயம்தான்: நம்மைக் காக்கும் பழக்கங்கள் நோயின் பெயர் தெரியும்வரை காத்திருக்கக் கூடாது.

இதற்கு நம் சென்னையிலேயே ஒரு சான்று உண்டு. மின்சார ரயிலில் போகிறவர்களுக்குத் தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷன் தெரியும். அங்கே இருந்த காசநோய் மருத்துவமனையால் வந்த பெயர் அது. காசநோய் வந்தவரைக் குடும்பத்தை விட்டுப் பிரித்து, ஊருக்கு வெளியே மாதக்கணக்கில் படுக்க வைப்பதுதான் அந்தக் காலத்து வழக்கம். 1956இல் சென்னையில் ஓர் ஆய்வு மையம் தொடங்கியது. இன்று சேத்துப்பட்டில் இருக்கும் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தின் தொடக்கம் அதுதான். அங்கே நோயாளிகளை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினருக்கு சானடோரியத்தில் ஓய்வு, நல்ல சாப்பாடு, செவிலியர் கவனிப்பு. மற்றவர்கள் நெருக்கடியான தங்கள் வீடுகளிலேயே, குறைந்த சாப்பாட்டோடு இருந்தார்கள். இரு பிரிவினருக்கும் ஒரே மாத்திரைகள், ஓராண்டுக்கு.

முடிவு 1959இல் வெளிவந்தது. வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய சானடோரியத்தில் இருந்தவர்கள் அளவுக்கே குணமானார்கள். அதைவிட முக்கியமான கேள்வி, கூடவே இருந்த மனைவி மக்களுக்கு என்ன ஆனது என்பது. அந்தக் குடும்பங்களை அடுத்த சில ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். சானடோரியத்துக்குப் போனவர் வீட்டாரைவிட, நோயாளியை வீட்டில் வைத்திருந்தவர்களுக்கு ஆபத்து கூடவில்லை. கிருமி போய்ச் சேர வேண்டியவர்களிடம் பெரும்பாலும் சிகிச்சைக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டது. மாத்திரை ஒழுங்காகத் தொடங்கியதும் பரப்பும் சக்தி வேகமாகக் குறைந்துவிட்டது.

இதில் நமக்கு இரண்டு பாடம். மாத்திரை சாப்பிடும் காசநோயாளியைக் கண்டு ஒதுங்க வேண்டியதில்லை. தட்டு, டம்ளர், துணி வழியாகக் காசநோய் பரவுவதும் இல்லை. இன்னும் பரிசோதனைக்கே போகாத இருமலைத்தான் கவனிக்க வேண்டும். அது நம் வீட்டில் இருக்கலாம், பஸ்ஸில் பக்கத்து சீட்டில் இருக்கலாம், மருத்துவமனை வரிசையில் நமக்குப் பின்னால் நிற்கலாம்.

மருத்துவமனை என்றதும் கோழிக்கோடு நினைவுக்கு வருகிறது. 2018 மே மாதம், அந்த மாவட்டத்துப் பேராம்பிராவில் ஓர் இளைஞருக்குக் கடும் காய்ச்சல். தாலுகா மருத்துவமனையில் சேர்த்தார்கள். பிறகு கோழிக்கோடு மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோனார்கள். ஸ்கேன் எடுக்கும் பகுதியில் ஒரு தாழ்வாரம். அங்கே அவர் காத்திருந்தார், இருமிக்கொண்டிருந்தார். வேறு வேறு நோய்களுக்காக வந்தவர்களும் அவர்களுக்குத் துணையாக வந்தவர்களும் அதே இடத்தில் இருந்தார்கள். அவர் இறந்தபோதுகூட அது நிபா வைரஸ் என்று யாருக்கும் தெரியாது. அதே குடும்பத்தில் அடுத்தவருக்கும் அதே அறிகுறிகள் வந்த பிறகுதான் டாக்டர்களுக்குச் சந்தேகம் எழுந்தது, பரிசோதனையில் உறுதியானது. பின்னர் வந்த ஆய்வு அந்தப் பரவலில் 23 பேரைக் கணக்கில் எடுத்தது. பிழைத்தவர்கள் இரண்டே பேர். அந்த 23 பேரில் பெரும்பாலோருக்குத் தொற்றியது மருத்துவமனையில்தான். பேராம்பிராவில் அந்த நோயாளியைக் கவனித்துக்கொண்ட செவிலியர் லினியும் உயிரிழந்தார். இரண்டு சிறு பிள்ளைகளின் தாய் அவர்.

அடுத்த ஆண்டே எறணாகுளத்தில் ஒரு மாணவருக்கு நிபா வந்தது. இம்முறை சீக்கிரமே சந்தேகப்பட்டுத் தனிமைப்படுத்தினார்கள். அவரோடு தொடர்பில் இருந்த முந்நூறுக்கும் மேற்பட்டவர்களைத் தேடிப் பிடித்துக் கண்காணித்தார்கள். ஒருவருக்கும் பரவவில்லை; மாணவரும் பிழைத்தார். ஊரும் ஜனமும் அதே கேரளம்தான், வைரசும் அதே வைரஸ்தான். எவ்வளவு சீக்கிரம் சந்தேகப்பட்டார்கள், காத்திருக்கும் இடம் எப்படி இருந்தது, பணியாளர்கள் மாஸ்க்கும் கையுறையும் போட்டிருந்தார்களா, இவைதான் வேறுபட்டன. ஒரு கிருமி எத்தனை பேரைத் தாக்கும் என்பது அதன் வீரியத்தோடு நின்றுவிடுவதில்லை. அதற்கு நாம் விடும் வழியையும் பொறுத்தது.

அந்த வழியை எங்கெங்கே அடைப்பது? முதலில் காற்று.

காலை எட்டு மணிக்கு ஓர் ஓ.பி. கூடத்தை நினைத்துப் பாருங்கள். சீட்டு போடும் கவுன்டர் முன்னால் வரிசை முட்டி மோதுகிறது. பெஞ்சில் ஒரு பெரியவர் தோளில் கிடக்கும் துண்டுக்குள் இருமுகிறார். பக்கத்தில் தடுப்பூசிக்கு வந்த கைக்குழந்தை. அடுத்து, டயாலிசிஸ் செய்துகொள்ளும் ஓர் அம்மா. சுவரில் ஜன்னல் இருக்கிறது. கொசு வருகிறது என்று சாத்தி வைத்திருக்கிறார்கள். மூன்று பேரும் ஒரே காற்றை ஒரு மணி நேரம் சுவாசிக்கிறார்கள். இங்கே செய்ய வேண்டியது பெரிய செலவு பிடிக்கும் வேலை அல்ல. ஜன்னலுக்குக் கொசுவலை அடித்துத் திறந்து வைக்கலாம். இருமுகிறவர்களுக்கு நுழைவாயிலிலேயே ஒரு மாஸ்க் கொடுத்து, வெளியே வராந்தாவில் உட்கார வைத்து, முன்னதாகப் பார்த்து அனுப்பலாம்.

பெரு நாட்டின் லீமா நகர மருத்துவமனைகளில் நடந்த ஓர் ஆய்வு 2007இல் வெளியானது. உயரமான கூரையும் பெரிய ஜன்னல்களும் உள்ள பழைய கட்டடங்களில், ஜன்னல் கதவுகளைத் திறந்து வைத்தபோது, இயந்திரக் காற்றோட்டம் உள்ள புதிய அறைகளைவிடக் காற்று வேகமாக மாறியது என்று அதில் கண்டார்கள். நம் வீட்டு ஸ்பிளிட் ஏ.சி. வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. அறையில் இருக்கும் காற்றையே குளிரவைத்துத் திருப்பி விடுகிறது. கிளினிக், டியூஷன் சென்டர் நடத்துகிறவர்கள் இதைக் கவனியுங்கள். ஏ.சி. போட்டாலும் ஒரு ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வையுங்கள், அல்லது காற்றை வெளியே தள்ளும் எக்ஸாஸ்ட் ஃபேன் போடுங்கள்.

அடுத்தது கை. வார்டில் மாமியாருக்குத் துணையாக இருக்கும் ஒரு மருமகளைப் பாருங்கள். கட்டில் கம்பியைப் பிடித்து எழுகிறார். யூரின் பையைத் தள்ளி வைக்கிறார். செல்போனை எடுத்துப் பேசுகிறார். பிளாஸ்கைத் திறந்து காபி ஊற்றுகிறார். அதே கையால் இட்லியைப் பிட்டு மாமியாருக்கு ஊட்டுகிறார். அன்பில் எந்தக் குறையும் இல்லை. இடையில் ஒரு தடவை கை கழுவியிருந்தால் போதும். நோயாளியைத் தொடுவதற்கு முன், தொட்ட பின், மலம், சிறுநீர், சீழ் பட்ட பின், ஊட்டுவதற்கு முன் என இந்த நேரங்களை மறக்காதீர்கள். கைக்குத் தடவும் சானிடைசர் என்றால் 20 முதல் 30 வினாடி தேய்க்க வேண்டும். வயிற்றுப்போக்கு உள்ளவரைக் கவனித்தால் சானிடைசரை நம்பாதீர்கள்; சோப்பும் தண்ணீரும்தான்.

வார்டில் இருப்பவர்களுக்கு இன்னும் சில. யூரின் பை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும், தரையில் படக் கூடாது. டிரிப்ஸ் ஊசி போட்ட இடம் சிவந்தாலோ வீங்கினாலோ உடனே சிஸ்டரிடம் சொல்லுங்கள். "இந்த டியூப் இன்னும் தேவையா டாக்டர்?" என்று தினமும் ஒரு முறை கேளுங்கள். தேவை முடிந்த பிறகும் உடம்பில் இருக்கும் ஒவ்வொரு குழாயும் கிருமிக்குத் திறந்த கதவு. தொடுவதற்கு முன் கை சுத்தம் செய்துகொள்ளும்படி டாக்டரையோ சிஸ்டரையோ மரியாதையாகக் கேட்பதில் தவறே இல்லை. நல்ல பணியாளர்கள் அதைக் குறையாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

பார்க்க வருகிற சொந்தக்காரர்களுக்கு என் வேண்டுகோள்: உங்களுக்குச் சளியோ காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ இருந்தால் போனில் விசாரியுங்கள். கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வார்டுக்குப் போகாதீர்கள். நோயாளியின் கட்டிலில் உட்காராதீர்கள். போகவில்லை என்றால் தப்பாக நினைப்பார்களோ என்ற தயக்கம் எனக்கும் புரிகிறது. ஆனால் ஆபரேஷன் முடிந்து படுத்திருக்கும் சித்தப்பாவுக்கு நீங்கள் காட்டக்கூடிய பெரிய அக்கறை, உங்கள் சளியை அவரிடம் கொண்டுபோகாமல் இருப்பது.

மூன்றாவது, உடம்பின் தாங்கு சக்தி. ஒரே வீட்டில் ஒரே காற்றைச் சுவாசிக்கும் ஐந்து பேரில் ஒருவருக்கு மட்டும் நோய் வருகிறது. ஏன்? சாப்பாடு ஒரு பெரிய காரணம். ஜார்க்கண்டில் காசநோயாளிகளின் குடும்பத்தாருக்கு மாதாமாதம் அரிசியும் பருப்பும் சத்து மாத்திரையும் கொடுத்துப் பார்த்தார்கள். 2023இல் வெளியான முடிவின்படி, அந்தக் குடும்பங்களில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. ஊசி, புது மருந்து எதுவும் இல்லாமல், வயிறு நிறையச் சாப்பாட்டால் கிடைத்த பாதுகாப்பு இது. சர்க்கரை நோய் இருந்தால் காசநோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்கு. ஆகவே சுகர் மாத்திரையை நேரத்துக்குப் போடுவதும் தொற்றுத் தடுப்புதான். புகைப்பதை விடுவதும் அப்படியே.

தடுப்பூசி, பெயர் தெரிவதற்கு முன்பே நாம் எடுக்கக்கூடிய முன்னெச்சரிக்கைகளில் மிகப் பெரியது. தட்டம்மை வந்த குழந்தை, உடலில் தடிப்பு தெரிவதற்குச் சுமார் நான்கு நாள் முன்பிருந்தே மற்றவர்களுக்குப் பரப்பத் தொடங்கிவிடும். அப்போது பார்த்தால் சாதாரணச் சளிக் காய்ச்சல் போலத்தான் இருக்கும். அதனால்தான் ஒன்பது மாதம் முடிந்ததும் ஒரு தவணை, ஒன்றே கால் வயதுக்கு மேல் இன்னொரு தவணை என்று போடுகிறார்கள். நூற்றில் 95 குழந்தைகள் இரண்டு தவணையும் போட்டிருந்தால்தான், போட முடியாத மீதிக் குழந்தைகளுக்கும் ஊர் கவசமாக நிற்கும். இரண்டாம் தவணையைத் தவறவிட்டவர்கள் அட்டையை எடுத்துக்கொண்டு சுகாதார நிலையத்துக்குப் போங்கள்.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். இருமலுக்கு மெடிக்கல் ஷாப்பில் நீங்களே ஆன்டிபயாட்டிக் வாங்கிப் போடாதீர்கள். சில ஆன்டிபயாட்டிக்குகள் காசநோய்க் கிருமியைக் கொஞ்ச நாள் அடக்கி வைக்கும். இருமல் குறைந்ததுபோலத் தெரியும், பரிசோதனை தள்ளிப்போகும். அத்தனை நாளும் வீட்டில் இருப்பவர்கள் அந்தக் காற்றைத்தான் சுவாசிப்பார்கள்.

மருத்துவமனை நடத்துகிறவர்களிடம் ஒரு வார்த்தை. வார்டைக் கூட்டித் துடைப்பவருக்கும் மருத்துவக் கழிவு அள்ளுபவருக்கும் கனமான கையுறை, காலுக்கு பூட்ஸ், ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று தவணை, இவற்றைக் கொடுங்கள். ஒப்பந்தத் தொழிலாளி என்று விட்டுவிடாதீர்கள். ஐம்பது நோயாளிக்கு ஒரு செவிலியர் என்று வைத்துவிட்டு, ஒவ்வொரு முறையும் கை கழுவவில்லையே என்று அவரைத் திட்டுவது நியாயமே இல்லை. காய்ச்சலோடு டியூட்டிக்கு வருகிறவரைச் சம்பளம் பிடிக்காமல் வீட்டுக்கு அனுப்புங்கள். பணியாளருக்குப் பாதுகாப்பு இல்லாத இடத்தில் நோயாளிக்கும் பாதுகாப்பு இருக்காது.

நேயர்களே, இந்த வாரம் உங்கள் வீட்டில் மூன்று காரியம் செய்யுங்கள். படுக்கும் அறை ஜன்னலுக்குக் கொசுவலை அடித்துத் திறந்து வையுங்கள். குழந்தைகளின் தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள். யாருக்காவது இரண்டு வாரத்துக்கு மேல் இருமலோ, மாலைக் காய்ச்சலோ, காரணமில்லாமல் உடல் மெலிவோ இருந்தால் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளிப் பரிசோதனை செய்யுங்கள். அரசு மருத்துவமனைகளில் பரிசோதனையும் மாத்திரையும் இலவசம். காசநோய் உறுதியானால் சத்தான சாப்பாட்டுக்கு மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வரும். கூட இருப்பவர்கள் தங்களுக்கும் பரிசோதனை, தடுப்பு மாத்திரை உண்டா என்று கேளுங்கள். சந்தேகம் இருந்தால் 104க்குப் போன் செய்யுங்கள். காசநோய்க்கென்றே 1800 11 6666 என்ற இலவச எண்ணும் உண்டு. இப்போதே குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.