பூண்டு எண்ணெய் பாட்டிலை அலமாரியில் வைக்காதீர்கள்

மாங்காய் ஊறுகாய் மாதக்கணக்கில் கெடாமல் இருப்பது எண்ணெயால் மட்டுமல்ல; உப்பும் புளிப்பும்தான் முக்கியக் காரணம். பூண்டில் அந்தப் புளிப்பு இல்லை. வெறும் எண்ணெயில் ஊறப்போட்டால், காற்றுப் படாத அந்த இடத்தில் பாட்டுலிசம் நோயைத் தரும் கிருமி வளரக்கூடும். அதன் விஷம் நரம்பைத் தாக்கி மூச்சையே நிறுத்திவிடும். வதக்கிப் போட்டாலும் நம்ப முடியாது. கிருமியின் வித்துகள் கொதிக்கும் தண்ணீரிலேயே சாவதில்லை. கெட்டது வாசனையில் தெரியாமலும் இருக்கலாம். ருசி பார்த்துச் சோதிக்காதீர்கள்.

கொஞ்சமாகச் செய்து, உடனே ஃபிரிட்ஜில் வைத்து, 4 நாளுக்குள் தீர்த்துவிடுங்கள். அக்கம்பக்கத்தில் கொடுத்தால் செய்த தேதியை எழுதி ஒட்டுங்கள். வங்கி கவுண்டரில் தேதியில்லாத செக்கை நாங்கள் வாங்கியதில்லை. தேதியில்லாத பாட்டிலை நீங்களும் வாங்காதீர்கள்.